காற்றாலையில் பெண் பார்த்த ஞாயிறு

என்னைப் பெண் பார்த்தது ஒரு காற்றாலைக்குள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். அன்றைக்குச் சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் ஒஸ்லோ நகரத்தின் ஒரு கோடியில், ரொம்மனில், அம்மா அப்பாவோடு இருந்தேன். படிப்பை முடித்து ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அவன் நகரத்தின் மறுகோடியில், ஹொல்ம்லியாவில், தாயாரோடு இருந்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நான் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் சொன்னேன், அவன் பக்கத்து வகுப்புக்குக் கணக்குச் சொன்னான். இடையில் ஒரு மெல்லிய சுவர். அந்தச் சுவர் வழியாக என்னென்னவோ நடந்து, ஒரு குளிர்காலம் முடிவதற்குள் நாங்கள் காதலர்கள் ஆகிவிட்டோம்.

ஒஸ்லோ பெரிய நகரம் என்று சொல்பவர்கள் அங்கே ஒளித்துக் காதலித்துப் பார்க்காதவர்கள். ட்ராமில் ஏறினால் ஓட்டுகிறவர் அப்பாவின் கூட்டாளி. கோப்பிக் கடைக்குப் போனால் மேசை துடைப்பவர் பெரியம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி. சினிமாவுக்குப் போனோம். இருட்டில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எங்கள் தமிழ்ப் பள்ளி அதிபரின் குரல் மாதிரியே இருமியது, இடைவேளைக்கு முன்பே ஓடி வந்துவிட்டோம். தமிழ்க் கால் படாத ஓர் இடம் தேடித் தேடித்தான் அந்தக் காற்றாலையைக் கண்டுபிடித்தோம்.

பஸ் திரும்பும் கடைசித் தரிப்பிடத்தில் இறங்கி, பைன் மரங்களுக்குள்ளால் மேடு ஏறினால் அது நிற்கும். வட்டமான செங்கல் கோபுரம். கீழே அகன்று மேலே ஒடுங்கி, தலையில் தார் பூசிய மரத் தொப்பி, அதில் நான்கு இறக்கைகள். மே மாதம் தொடங்கிக் கோடை முடியும் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் திறப்பார்கள். உள்ளே வழிகாட்டியாக ஒரு வயதான மனிதர். நொர்வேயின் மேற்குக் கரைக்காரர், ஓய்வு பெற்ற தச்சர். அவரே கதவு திறப்பார், அவரே வாஃபல் சுடுவார், அவரே சரித்திரம் சொல்வார். அவருடைய மேற்குக் கரைப் பேச்சு, ஒஸ்லோவில் நொர்வேஜியன் படித்தவர்களுக்குப் பாதிதான் பிடிபடும். எனக்கு அது தேன் மாதிரி இறங்கியது.

அவர் சொன்ன சரித்திரம் இதுதான். ஒரு காலத்தில் நகரத்துக்கு மா அரைத்ததெல்லாம் ஆற்றங்கரை ஆலைகள். குளிர்காலத்தில் ஆறு உறைந்ததும் ஆலைகளும் படுத்துவிடும். சனம் பாணுக்கு அந்தரப்படும். அப்போது ஒரு தானிய வியாபாரி, ஆறுதானே உறையும், காற்று உறையாதே என்று சொல்லி இந்த மேட்டில் ஆலை கட்டப் புறப்பட்டான். முதலில் மரத்தால் கட்டினான். அது எரிந்துபோனது. திரும்பவும் கட்டினான், இந்த முறை செங்கல்லால். மரம் மலிந்த நாட்டில் செங்கல்லில் காசைக் கொட்டுகிறான் என்று ஊரே அவனைப் பார்த்துச் சிரித்தது. அடுத்த குளிர்காலம் ஆறு உறைந்ததும், சிரித்த அத்தனை பேரும் கோதுமை மூட்டையோடு இந்த மேட்டில் வரிசையில் நின்றார்கள்.

இந்த இடம் வரும்போதெல்லாம் கிழவர் தானே கட்டிய ஆலை போல நெஞ்சை நிமிர்த்துவார். நானும் நிமிர்த்துவேன். ஞாயிறு தவறாமல் கேட்டுக் கேட்டு, அவர் எங்கே மூச்சு விடுவார், எங்கே விரலை உயர்த்துவார் என்பது வரை எனக்கு மனப்பாடம். நான் கதை கேட்பதை அவன் பார்த்துக்கொண்டிருப்பான். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் சரித்திரம் படித்ததில்லை.

இனிக் கலியாணத்துக்கு வருகிறேன். அதில் ஒரே ஒரு முடிச்சு, அவனுடைய தாயார். பொல்லாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கு ஒரு காயம் இருந்தது. மூத்த மகன் ஒரு நொர்வேஜியப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு தொலைபேசியில்தான் சொன்னான். மருமகளில் அவருக்குக் குறையில்லை. பதிவு முடிந்த பிறகு தனக்குச் செய்தி வந்ததுதான் குறை. அப்பா இல்லாத பிள்ளைகளைத் தனியாக வளர்த்த மனுசி. "சின்னவனுக்கெண்டாலும் நான் பாத்துச் செய்வன்" என்று கோயிலில் காண்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இந்த நிலையில் சின்னவனும் தன்பாட்டில் தேடிவிட்டான் என்று தெரிந்தால் அவர் உடைந்துபோவார். தாயார் ஓம் என்று சொல்லாமல் அவன் கட்ட மாட்டான். அப்படிக் கட்ட எனக்கும் மனமில்லை.

ஆகவே நாங்கள் ஒரு மூளை வேலை செய்தோம். தாயாரே என்னைக் கண்டுபிடிக்கட்டும்! ஹவுகன்ஸ்டுவாவில் கலியாணம் பேசிக் கொடுக்கும் மாமி ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை ஹவுகன்ஸ்டுவா மாமி என்றே சொல்வோம். அவன் அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கேட்டான். மாமி என் சாதகத்தை ஒன்றும் தெரியாதவர் போலத் தாயாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். பொருத்தம் பார்த்தார்கள். தெய்வாதீனமாகப் பொருந்திவிட்டது. அடுத்தது பெண் பார்த்தல்.

பொதுவாக இதைக் கோயிலில் வைத்துத்தான் பார்ப்பது. இரண்டு வீட்டாரும் தற்செயலாகச் சந்தித்தது போலச் சுவாமியைக் கும்பிடுவார்கள். பிடித்தால் பேச்சு வளரும். பிடிக்காவிட்டால் யாருக்கும் அவமானமில்லை, அவரவர் பிரசாதத்தோடு வீட்டுக்குப் போகலாம். ஆனால் தாயாருக்குக் கோயில் வேண்டாமாம்.

"கோயில்லை வைச்சுப் பாத்தால் பூசை முடியிறதுக்கிடையிலை கனடாவுக்குக் கதை போயிடும்," என்றார் மாமி, எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்தபடி. "தமிழ் ஆக்கள் வராத இடமாய் ஒண்டு சொல்லுங்கோ."

அப்பா டாக்ஸி ஓட்டுபவர். ஒஸ்லோவில் அவருக்குத் தெரியாத சந்து இல்லை. தாடையைத் தடவினார். "ஒரு பழைய காத்தாலை இருக்கு. அங்கை ஒரு தமிழனும் போறேல்லை. நான் எழுதித் தருவன்."

நான் குடித்துக்கொண்டிருந்த தேநீர் மூக்கால் வந்தது. அம்மா என் உச்சியில் தட்டி, "கலியாணக் கதை எண்டவுடனை பிள்ளைக்குப் புரைக்கேறுது," என்று மகிழ்ந்தார்.

அவனுக்குச் செய்தி அனுப்பினேன். அவன் போனை எடுத்துச் சிரித்தான், பிறகு பயந்தான், பிறகு திரும்பவும் சிரித்தான். ஒரே ஆறுதல், அந்த ஞாயிறு கிழவர் இருக்கமாட்டார். தான் மலையிலுள்ள தன் ஹுத்தாவுக்கு, அதாவது விடுமுறை மரவீட்டுக்கு, போவதாகவும், மாணவி ஒருத்தி வந்து ஆலையைத் திறப்பாள் என்றும் போன கிழமைதான் சொல்லியிருந்தார். அவளுக்கு எங்களைத் தெரியாது. பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டுவிட்டது என்று நினைக்குமாம். அந்தப் பூனையை விட நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

ஞாயிறு விடிந்தது, கூடவே மழையும். 'தற்செயலாக' ஆலை பார்க்கப் போகும் எங்கள் குடும்பத்தின் கோலத்தைச் சொல்ல வேண்டும். அம்மா கல்யாணக் கூறைக்கு அடுத்த தரத்தில் ஒரு காஞ்சிபுரம் உடுத்து, மேலே மஞ்சள் மழைச் சட்டை போட்டிருந்தார். எனக்கு இரட்டைவடச் சங்கிலி. மேட்டில் ஏறும்போது எதிரே நாயோடு வந்த ஒரு நொர்வேஜியர் நாயைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார். அப்பா உள்ளே வரவில்லை. தமிழ் ஆட்கள் யாரும் வந்தால் திருப்பி அனுப்ப, குடையோடு கீழே பாதை ஓரத்தில் காவல் நின்றார்.

அவனும் தாயாரும் மாமியும் முன்னரே வந்து வாசலில் நின்றார்கள். தாயார் கபில நிறப் பட்டில், சின்ன உருவம், பெரிய கண்கள். எங்களைக் கண்டதும் எல்லோரும் அந்நியர்கள் போல வானத்தைப் பார்த்தோம்.

"நல்ல மழை," என்று மாமி பொதுவாக வானத்துக்குச் சொன்னார்.

"ஓம், நல்ல மழை," என்று அம்மாவும் வானத்துக்கே பதில் சொன்னார்.

அப்போது கதவு திறந்தது. கிழவர்! ஹுத்தாவில் மழை தாங்காமல் திரும்பிவிட்டாராம். என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், இரண்டு கையையும் விரித்தார்.

"ஓ! என்னுடைய ஞாயிற்றுக்கிழமை ஜோடி! இன்றைக்குக் குடும்பத்தையும் கூட்டி வந்திருக்கிறீர்களே!" என்றார் நொர்வேஜியனில்.

எனக்கு இதயம் கணுக்காலில் துடித்தது. அம்மாவுக்கு அந்தப் பேச்சுப் பிடிபடவில்லை. தாயாருக்குக் கடைக்குப் போகிற அளவு நொர்வேஜியன்தான். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னவாம் பிள்ளை?" என்றார் தாயார். அந்நியர் என்பதை அவர் மறந்துவிட்டார்.

"சப்பாத்துக் கழட்டத் தேவையில்லையாம்," என்றேன். அம்மா ஏற்கெனவே ஒன்றைக் கழற்றியிருந்தார். அதனால் அந்தப் பொய் நன்றாகப் பொருந்திப்போனது.

அன்றைக்கு மழைக்கு வேறு யாரும் வரவில்லை. கிழவர் எங்களை வட்டமான கீழ்த்தளத்தில் நிறுத்தினார். ஒரு வட்ட அறைக்குள் அந்நியர்களாக நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. ஒதுங்கி நிற்க ஒரு மூலை இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தாயாரின் பெரிய கண்கள் நேரே வந்து நின்றன. பெண் பார்ப்பதற்கென்றே கட்டிய அறையோ என்று நினைத்தேன்.

கிழவர் வாஃபல் தட்டோடு வந்தார். யாரையும் கேட்காமல் எனக்கு ஸ்ட்ரோபெரி ஜாம் பூசியதைத் தந்தார், அவனுக்குப் பழுப்புச் சீஸ் வைத்ததை. "எப்போதும் போல," என்று கண்ணடித்தார்.

"என்னவாம்?"

"சூடாய்ச் சாப்பிடட்டாம்."

அவன் சீஸோடு சேர்த்துச் சிரிப்பையும் விழுங்கி, இருமினான். மாமி அவன் முதுகில் கொஞ்சம் பலமாகவே குத்தினார்.

பிறகு கிழவர் சரித்திரத்தைத் தொடங்கினார். நான் மொழிபெயர்த்தேன். முதலில் வார்த்தை வார்த்தையாகத்தான் சொன்னேன். உறைந்த ஆறு, எரிந்த மர ஆலை, ஊரார் சிரித்த செங்கல் என்று போகப் போக எனக்கே ருசி பிடித்துவிட்டது. தாயார் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். கோதுமை மூட்டையோடு சனம் வரிசையில் நின்ற இடத்தில், "வேணும் அவைக்கு!" என்றார். அந்த நிமிடமே எனக்கு அந்த மனுசியைப் பிடித்துவிட்டது. அதுவரை அவர் எனக்குத் தாண்ட வேண்டிய ஒரு மதில். இப்போது, இவருக்குப் பக்கத்தில் இருந்து இன்னும் நூறு கதை சொல்லலாம் போல இருந்தது. வந்த காரியத்தை மறந்தேன். ஏணி போன்ற படியில் எல்லோரையும் மேல் தளத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

மேல் தளத்தில் ஆளை விட உயரமான ஒரு மரச் சக்கரம் நிற்கிறது. இறக்கைகளோடு சேர்ந்து சுழல்வது அதுதான். அதைச் சுற்றி ஒரு மரப் பட்டி. நெம்புகோலை இழுத்தால் பட்டி சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும், இறக்கைகள் நிற்கும். ஆலையின் பிரேக் அது. கிழவருக்கு மிகவும் பிடித்த கதை நடந்ததும் அங்கேதான்.

ஒரு மத்தியானம் பெரும் புயல் வந்தது. இறக்கைகள் வெறிபிடித்துச் சுழன்றன. ஆலைக்காரன் நெம்புகோலில் தொங்கினான். மரமும் மரமும் உரசிப் பட்டியிலிருந்து புகை வந்தது. அறை முழுக்க மாத்தூள் பறக்கிறது. ஒரு பொறி விழுந்தால் செங்கல் கோபுரமே அடுப்பாகிவிடும். நெம்புகோலை விட்டாலோ இறக்கைகள் பிய்ந்து போகும். அவன் மனைவியைக் கூப்பிட்டுக் கத்துகிறான். அவள் கொட்டும் மழையில் ஓடி, தொப்பலாக நனைந்து, இந்தப் படியால் ஏறி வருகிறாள். சுற்றிப் பார்க்கிறாள். தண்ணீர் வாளி இல்லை, ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் கிழவர் விரலை உயர்த்தினார். ஒவ்வொரு ஞாயிறும் உயர்த்துவார். வந்தவர்களை ஊகிக்கச் சொல்லி, நீண்ட நேரம் வாயை மூடிக்கொண்டு நிற்பார்.

நான் நிற்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

"மனுசி என்ன செய்தவ தெரியுமோ? உடுத்திருந்த கம்பளிப் பாவாடையை அப்பிடியே உரிஞ்சாள்! தண்ணி சொட்டச் சொட்ட அதைப் புகை வந்த பட்டியிலை சுத்தி, ரெண்டு கையாலையும் அமத்திப் பிடிச்சாள்! 'உஸ்' எண்டு ஆவி வந்ததாம். சக்கரம் நிண்டிட்டுது. பிறகு அக்கம்பக்கத்து ஆக்கள் உதவிக்கு ஓடி வந்தால், புருசன் கதவைப் பூட்டிப்போட்டு உள்ளுக்கை இருந்து கத்துறான், 'ஒருத்தரும் வரவேண்டாம், முதல்லை ஒரு பாவாடை கொண்டுவாங்கோ!'"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாமி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாயார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கிழவர் மட்டும் உயர்த்திய விரலோடு, திறக்காத வாயோடு, எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார்.

தாயாரின் சிரிப்புத்தான் முதலில் நின்றது. அவர் அந்த விரலைப் பார்த்தார். பிறகு என்னை.

"அந்த மனுசன் இன்னும் வாயே திறக்கேல்லை," என்றார் மெல்ல. "நீர் என்னெண்டு பிள்ளை சொன்னனீர்?"

மாமி சக்கரத்தின் பற்களை ஆராயத் தொடங்கினார். அவன் என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"அம்மா..." என்று தொடங்கினான்.

"நீ சும்மா இரு." தாயார் கண் என்னைவிட்டு அகலவில்லை. "வாசல்லை கண்ட உடனை கையை விரிச்சுக்கொண்டு வந்ததையும் கண்டனான். கேக்காமலே ஆளுக்கொரு விதமாய் அந்தத் தோசையைத் தந்ததையும் கண்டனான். பிள்ளை, அவரைக் கேளும். நீங்கள் ரெண்டு பேரும் எத்தனை நாளாய் இஞ்சை வாறனீங்கள் எண்டு கேளும்."

என்னைக் குற்றவாளியாக்கும் கேள்வியை நானே மொழிபெயர்க்க வேண்டும். காலையிலிருந்து எவ்வளவோ சொல்லிவிட்டேன், இன்னும் ஒன்று சொல்லியிருக்கலாம். இந்த ஆலை எத்தனை காலமாக இங்கே நிற்கிறது என்று கேட்டிருந்தால் கிழவர் மகிழ்ச்சியாகப் பதில் சொல்லியிருப்பார். ஆனால் மூத்த மகனின் செய்தியைத் தொலைபேசியில் கேட்டபோதும் அவர் முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அந்த முகத்துக்கு நேரே பொய் வரவில்லை. கேள்வியை உள்ளபடியே கேட்டேன்.

கிழவருக்கு நடப்பது ஒன்றும் தெரியாது. எங்களைப் பாராட்டச் சொல்லிக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மலர்ந்து போனார். நீளமாகச் சொன்னார்.

"சொல்லும்," என்றார் தாயார்.

சொன்னேன். "மே மாசம் கதவு திறந்த நாளிலையிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வாறமாம். மழை எண்டாலும் வாறமாம். எப்ப கலியாணம் எண்டு எங்களை ஒவ்வொரு முறையும் கேக்கிறவராம்..."

"ம்."

"அவற்ரை அம்மா பாத்து ஓம் எண்டு சொன்னாப்பிறகுதான் எண்டு நாங்கள் ஒவ்வொரு முறையும் சொல்லுறனாங்களாம். அந்த அம்மாவைக் காணவேணும் எண்டு தனக்குச் சரியான ஆசையாம். நீங்கள்தானோ அந்த அம்மா எண்டு கேக்கிறார்."

தாயார் பக்கத்திலிருந்த பழைய மரப்பெட்டியில் இருந்துவிட்டார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார், இறுக்கமாக, வலிக்கிற அளவுக்கு.

"மூத்தவன் எல்லாம் முடிச்சுப்போட்டுச் சொன்னவன்," என்றார் தாயார், யாரையும் பாராமல். "அண்டைக்கு முழுக்க நான் யோசிச்சன், என்ரை ஒரு சொல்லு அவனுக்கு அவ்வளவு பாரமோ எண்டு." பிறகு சின்னவனைப் பார்த்தார். "நீ என்னடா எண்டால், என்ரை ஒரு சொல்லுக்காண்டி மாமியைப் பிடிச்சு, சாதகத்தைச் சுத்தவிட்டு, மழைக்குள்ளை இந்த மேடெல்லாம் என்னை ஏத்தி... விசரா! நேரை வந்து கேட்டிருந்தால் நான் என்ன மாட்டன் எண்டோ சொல்லியிருப்பன்?"

அவன் அழுதான். இருபத்தேழு வயது ஆண்பிள்ளை, வாயோரத்தில் பழுப்புச் சீஸோடு. நானும் அழுதேன், சிரித்தேன், எது எதுவென்று பிரிக்க முடியவில்லை.

தாயார் பெட்டியிலிருந்து எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். "மில் பாத்தது காணும். இனிப் பொம்பிளையைப் பாப்பம். வெளிச்சத்துக்கு வாரும்."

பார்த்தார். அவசரப்படாமல், நெற்றியிலிருந்து பார்த்தார். கிழவர் எங்களுக்குப் பின்னால் நின்று, தன் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே என்று என்னிடம் மெதுவாக முறையிட்டார்.

"என்னவாம்?" என்றார் தாயார், என் முகத்திலிருந்து கையை எடுக்காமல்.

"நீங்கள் அந்த அம்மாதானோ எண்டு திருப்பிக் கேக்கிறார்."

"ஓம் எண்டு சொல்லும்," என்றார். "நான்தான் எண்டு சொல்லும்."

சொன்னேன். நான் சொன்ன சத்தம் கீழே குடையோடு காவல் நின்ற அப்பாவுக்கே கேட்டதாம்.